கையில் கிடைத்தவர்

2021 மார்ச் 23 அன்று ‘எவர் கிவன்’ சூயஸ் கால்வாயின் குறுக்கே சிக்கிக்கொண்டபோது எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில் மீம்களாக வந்து விழுந்தன. ஆறு நாள் சிரித்தோம். அதே நாட்களில், கால்வாயின் தெற்கு முனைக்குப் பக்கத்தில், அதபியா துறைமுகத்தை ஒட்டிய கடலில், ‘அமான்’ என்ற சரக்குக் கப்பலில் ஒரு சிரிய மாலுமி தன்னந்தனியாக இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

எவர் கிவனுக்கு உரிமையாளர் ஜப்பான் நிறுவனம். இயக்கியது தைவான் நிறுவனம். தொழில்நுட்ப நிர்வாகம் ஜெர்மன் நிறுவனம். கப்பலில் இருந்த 25 பேரும் இந்தியர்கள். பறந்த கொடி பனாமாவுடையது. அப்போ இது யாருடைய கப்பல்?

இப்படிக் கொடியை வாடகைக்கு எடுப்பது நூறு வருடப் பழக்கம். 1920களில் அமெரிக்க மதுவிலக்கிலிருந்து தப்புவதற்காகவே பயணிக் கப்பல்கள் பனாமா கொடிக்கு மாறின. இன்று லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் என்ற மூன்று கொடிகளின் கீழ்தான் உலக வணிகக் கப்பல்களின் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் ஓடுகிறது. கடலே இல்லாத மங்கோலியாவிடமும் கப்பல் பதிவேடு உண்டு. கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் ‘உண்மையான பிணைப்பு’ வேண்டும் என்கிறது 1982ஆம் வருட ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கை. பிணைப்பு என்றால் என்ன என்று அது வரையறுக்கவில்லை.

வாடகைக் கொடிதான் நோய், சொந்தக் கொடி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நினைத்தேன். அமான் அதைக் கெடுத்தது. அதன் கொடி பஹ்ரைன், உரிமையாளரும் பஹ்ரைன்தான். பிணைப்பு கண்ணெதிரே இருந்தது. 2017 ஜூலையில் சான்றிதழ்கள் காலாவதியானதால் கப்பலைப் பிடித்து வைத்தார்கள். எரிபொருளுக்குப் பணம் கட்ட ஆளில்லை. உரிமையாளர் நொடித்துப் போயிருந்தார். கேப்டன் கரையில் இருந்தார். எகிப்திய நீதிமன்றம், கப்பலில் இருந்த முதன்மை அதிகாரியையே அதன் சட்டப்பூர்வப் பொறுப்பாளர் ஆக்கியது. அவர்தான் அந்தச் சிரியர்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குப் போனார்கள். 2018இல் அம்மா இறந்தார். இவரால் போக முடியவில்லை. இவருடைய சகோதரரும் மாலுமி. அவர் வேலை செய்த கப்பல் கால்வாய்க்குப் போகும் வழியில் இதைக் கடந்து போயிருக்கிறது. ஃபோனில் பேசிக்கொண்டார்கள். கையசைத்தால் தெரியாத தூரம். 2020இல் ஒரு புயல் கப்பலைக் கரைக்குச் சில நூறு மீட்டர் அருகே தள்ளியது. அதன்பிறகு நீந்திப் போய் சாப்பாடு வாங்கி, ஃபோனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு வந்தார்.

நீதிமன்றத்தை முட்டாள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ஆளில்லாத கப்பல் மற்ற கப்பல்களுக்கு ஆபத்து. யாராவது ஒருவர் பெயர் வேண்டும். எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாருக்கும் இல்லை என்பது எங்கள் தொழிலிலும் பாலபாடம். கேள்வி, அந்தப் பெயரை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதான். அந்தக் கப்பலை விற்கவோ பழுது பார்க்கவோ அவரால் முடியாது. எதையும் மாற்ற முடியாதவரிடம் கொடுப்பது பொறுப்பு இல்லை, வெறும் தண்டனை. கையில் கிடைத்தவர் அவர், அவ்வளவுதான்.

இதை எழுத எனக்கு யோக்யதை இருக்கிறதா என்று தெரியவில்லை. சில வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சர்வர் விழுந்தது. பழைய மென்பொருளைப் புதுப்பிக்காமல் தள்ளிப்போட்டதுதான் காரணம். தள்ளிப்போடச் சொன்ன மெயில்களில் ஒன்று என்னுடையது. ஆனால் கடைசியாகக் கோடை மாற்றியவர் என்று திரையில் வந்த பெயர், ஒப்பந்தத்தில் சேர்ந்த ஒரு பையனுடையது. நாங்கள் கொடுத்ததை ஓட்டியதுதான் அவன் செய்தது. கூட்டத்தில் நான் வாயே திறக்கவில்லை. “அண்ணா, இதுல நான் என்ன பண்ணேன்?” என்று பிறகு கேட்டான். பார்த்துக்கலாம் என்றேன். அவன் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

2021 ஏப்ரலில் அந்த மாலுமி வீடு திரும்பினார். கப்பல் விற்கப்பட்டதாலோ நீதிமன்றம் மனமிரங்கியதாலோ அல்ல. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் எகிப்தியப் பிரதிநிதி ஒருவர், அவருக்குப் பதிலாகத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார். அந்தக் கப்பலின் கடனிலோ தவறிலோ துளியும் சம்பந்தம் இல்லாதவர்.

எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவரால் அதைச் செய்ய முடிந்தது. எனக்குச் சம்பந்தம் இருந்தது. “தள்ளிப்போடச் சொன்னதில் நானும் ஒருத்தன்” என்ற ஒரு வரி போதும். அந்தப் பையனுக்கு வேலை மிஞ்சியிருக்குமா தெரியாது, கூட்டத்தில் அவன் தனியாக உட்கார்ந்திருக்க மாட்டான்.