ஓட்டும் சாட்சியமும்

நம் வட்டத்தில் ஓட்டுப் போடாதவர்கள் அதிகம். இதை யாரும் ஒளிப்பதில்லை. கொஞ்சம் பெருமையோடேயே சொல்லிக்கொள்கிறார்கள். 'இவனுக்குப் போடுவதா, அவனுக்குப் போடுவதா' என்று கேட்டுவிட்டு, பதிலை எதிர்பாராமல் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். நிற்கிறவர்களில் எவனும் தன் ஓட்டுக்கு லாயக்கில்லை என்ற அபிப்ராயம் நம்மிடையே ஒரு தார்மீக நிலையாக, ஏன், ஒரு ரசனை நிலையாகக்கூட ஆகிவிட்டிருக்கிறது. மட்டமான நாவலைப் படிக்க மறுப்பதும் மட்டமான வேட்பாளனை மறுப்பதும் ஒரே காரியத்தின் இரண்டு முகங்கள் என்பதுபோல. எனக்கும் இதில் பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

2019 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கப் பாராளுமன்றத் தேர்தல் நடந்தபோது வேலூரில் மட்டும் நடக்கவில்லை. ஓட்டர்களுக்குக் கொடுப்பதற்காக வைத்திருந்தது என்று சொல்லிக் கட்டுக்கட்டாகப் பணம் கைப்பற்றப்பட்டது. ஓட்டுப் பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, தேர்தல் கமிஷனின் சிபாரிசின்மேல், குடியரசுத் தலைவர் தேர்தலை ரத்து செய்தார். பணத்தின் காரணமாக ஒரு பாராளுமன்றத் தொகுதித் தேர்தல் ரத்தானது அதுவே முதல் தடவை. நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் 5ஆம் தேதி, மறுபடி தேர்தல். முக்கியமான இரண்டு வேட்பாளர்களும் அதே ஆட்கள். சின்னங்கள் அதே சின்னங்கள். ஏப்ரலில் நிராகரிக்கத் தக்கதாக இருந்த ஒன்று ஆகஸ்டில் எப்படித் தேர்வு ஆகும் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு, விரிஞ்சிபுரத்தில், கடைசிப் பொத்தானை அழுத்தினேன். நோட்டா.

9ஆம் தேதி எண்ணினார்கள். உதயசூரியன் 8,141 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. நோட்டாவுக்கு விழுந்தது 9,417. வித்தியாசத்தைக் காட்டிலும் நாங்கள் அதிகம்! அன்று மாலை எனக்குள் உண்டான திருப்தியைக் கூச்சமில்லாமல் இப்போது நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆற்றங்கரையில் (ஆறு என்பது பெயருக்குத்தான், மணலும் இல்லாத பாலாறு) ஒரு நண்பரிடம் இதை ஒரு வெற்றியைப்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பொத்தான் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1961ஆம் வருஷத்துத் தேர்தல் விதிகளில் 49-ஓ என்று ஒன்று உண்டு. ஓட்டுப் போட விருப்பமில்லை என்றால் சாவடி அதிகாரியிடம் சொல்லி, பதிவேட்டில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு வரலாம். எல்லோர் முன்னிலையிலும், கட்சி ஏஜெண்டுகள் பார்த்துக்கொண்டிருக்க. மறுப்பவனுக்கு மட்டும் ரகசியம் இல்லை என்பது அநியாயம் என்று சுப்ரீம் கோர்ட், 2013 செப்டம்பர் 27ஆம் தேதி, நீதிபதி சதாசிவம் தலைமையிலான பெஞ்சின் தீர்ப்பில் சொல்லியது. யந்திரத்தில் பொத்தான் வந்தது. மக்கள் வேண்டாமென்று சொல்லச் சொல்லக் கட்சிகள் மெல்ல மெல்ல நல்ல ஆட்களை நிறுத்துவார்கள் என்பது கோர்ட்டின் நம்பிக்கை. ஆனால் நோட்டாவுக்கே அதிக ஓட்டு விழுந்தாலும் அடுத்தபடி வந்த வேட்பாளர் ஜெயித்தவராவார் என்று தேர்தல் கமிஷன் அதே வருஷம் தெளிவுபடுத்திவிட்டது. 2024இல் இந்தூரில் 2,18,000க்கு மேல் நோட்டா விழுந்தது. ஜெயித்தவர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார்.

எனக்கு 49-ஓ மேலானதாகப் படுகிறது. அதில் மனிதன் இருந்தான். தன் பெயரை எழுதி, தன் முகத்தோடு, 'இவர்கள் எனக்கு வேண்டாம்' என்றான். அதற்கு ஒரு விலை இருந்தது. பொத்தானில் விலை இல்லை. ஸார்த்ர் 1973இல் தேர்தல்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், ஓட்டுச் சாவடியின் தடுப்புக்குப் பின்னால் போகிறவன் தன் சக மனிதர்களிடமிருந்து பிரிக்கப்பட்டு வெறும் எண்ணாகிவிடுகிறான் என்று வாதாடுகிறார். மறுப்பையும் அதே தடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்ததில் மறுப்பவனும் எண்ணாகிவிட்டான். 'நாங்கள் 9,417 பேர்' என்று நான் சொல்லிக்கொண்டதில் 'நாங்கள்' என்பது பொய். அவர்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. பணம் வந்து சேரவில்லை என்ற கோபத்தில் அழுத்தியவன் இருப்பான். விரல் தவறியவன் இருப்பான்.

இதே அதிருப்தி வேறு வடிவம் எடுத்ததும் உண்டு. 1996 சட்டசபைத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். தங்களை யாரும் கவனிக்கவில்லை என்ற விவசாயிகளின் எதிர்ப்பு. ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது. தேர்வு போதவில்லை என்பதைத் தேர்வைப் பெருக்கிக் காட்டிய அந்த வக்கிரமான ஹாஸ்யம் எனக்குப் பிடிக்கும். அதில் 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. தன் பெயரும் அச்சாகியிருந்த புத்தகத்தில் தன் பெயரை விட்டுவிட்டு அந்த ஆள் வேறு யாருக்கோ போட்டிருக்கிறான், அல்லது வரவேயில்லை. நம்முடைய அதிருப்தியை நாமே எவ்வளவு தூரம் நம்புகிறோம் என்பதற்கு இதைவிட நேரடியான அத்தாட்சி வேண்டியதில்லை.

என் திருப்தி கலைந்தது வேறு விதமாக. நான் வேலை பார்க்கும் கிளை ஆம்பூரில். ஷூ கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மாதாமாதம் பாஸ்புக் பதிய வருவார். கூட்டம் இல்லாத நாட்களில் கௌண்டர்மேல் கையூன்றிக் கொஞ்சம் பேசுவார். தேர்தல் பேச்சு வந்தது. நான் இன்னது செய்தேன் என்று சொன்னேன். சொல்லும்போதே ஒரு பாராட்டை எதிர்பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

'உங்களுக்கு யார் வந்தா இன்னா சார்' என்றார். 'எங்களுக்கு அப்படி இல்லயே.'

'ரெண்டு பேரும் ஒண்ணுதானே பாய்?'

'ஆளு ஒண்ணுதான்' என்றார். 'அதுக்கு?'

ஓட்டுப் பதிவுக்கு ஆறு நாள் முன்னால், ஜூலை 30ஆம் தேதி, முத்தலாக் மசோதா ராஜ்ய சபையில் நிறைவேறியிருந்தது. ஓட்டுப் பதிவு நாளன்றே காஷ்மீரின் 370ஆம் பிரிவைச் செயலிழக்கச் செய்யும் தீர்மானம் அதே சபைக்கு வந்தது. ஆறு சட்டசபைப் பகுதிகளில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மூன்றும் ஒரு பக்கம் சாய்ந்தன. விரிஞ்சிபுரம் இருக்கும் அணைக்கட்டும் மற்ற இரண்டும் இன்னொரு பக்கம். அந்த 8,141 எங்கிருந்து வந்தது என்பதை ஆம்பூர் பஜாரில் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வேட்பாளரின் யோக்யதையைப் பற்றி என்னைவிட உயர்வாக நினைத்தவர்கள் அல்ல. யோக்யதையைப் பற்றி யோசிக்கும் அவகாசம் எனக்கு இருந்தது, அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

நான் வேலைக்குப் போகும் பஸ் தோல் ஷாப்புகளைத் தாண்டும்போது ஜன்னல்களைச் சாத்துவார்கள். புதிதாக வருகிறவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். உள்ளே வேலை செய்கிறவன் மூக்கைப் பொத்துவதில்லை. அவனுக்கு இரண்டு கைகளும் தேவை. 2002இல் பிரான்ஸில் ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றில் சிராக்கும் லெ பென்னும் எஞ்சியபோது, சிராக்கைச் சகிக்காத இடதுசாரிகள் பலர் அவருக்கே போட வேண்டி வந்தது. மூக்கில் துணிக் கிளிப் மாட்டிக்கொண்டு, கையுறை அணிந்துகொண்டு போய்ப் போடுவோம் என்ற பேச்சு அங்கே கிளம்பியது. சிராக் நூற்றுக்கு 82 ஓட்டு வாங்கினார். முதல் சுற்றில் அவருக்கு விழுந்தது 20க்கும் குறைவு. இடைப்பட்ட அறுபது சதவிகிதத்தில் எத்தனை கிளிப், எத்தனை கையுறை என்று எந்த ரிகார்டிலும் இல்லை.

நான் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஓட்டு ஒரு செயலா, சாட்சியமா? செயல் என்றால் அதன் விளைவுதான் பேச்சு. மனசுக்குள் என்ன இருந்தது என்பது அப்புறம். சாட்சியம் என்றால் பொய் சொல்லக் கூடாது. இவனை நம்புகிறேன் என்று நம்பாமல் சொல்லக் கூடாது. எங்கள் ஊரின் பெயரே இந்த விஷயத்தில் கொஞ்சம் சங்கடமானது. விரிஞ்சன் என்றால் பிரம்மா. சிவனின் முடியைப் பார்க்காமலே பார்த்ததாகச் சொல்லி, தாழம்பூவைச் சாட்சிக்கு இழுத்தவன். தாழம்பூ பூஜைக்கு ஆகாமல் போயிற்று. பிரம்மாவுக்கோ எங்கள் ஸ்தலபுராணத்தில் மீட்சி உண்டு. பூசாரி வீட்டுச் சிறுவனாகப் பிறந்து, எட்டாத லிங்கத்துக்கு முன் நிற்க, லிங்கமே அவனுக்காக முடி சாய்த்தது என்பார்கள். சொல்லச் சொன்னவன் மன்னிக்கப்பட்டான், சொன்னதுதான் தண்டனையோடு நிற்கிறது. ஓட்டைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டால் வாக்காளனின் இடம் தாழம்பூவின் இடம். நிற்கிறவன் சொல்லச் சொன்னதை, அவனுடைய முடியிலிருந்து விழுந்துகொண்டிருக்கையில், ஆமாம் என்று சொல்வது.

ஹன்னா ஆரென்ட் 1964இல் சர்வாதிகாரத்தின்கீழ்த் தனிமனிதனின் பொறுப்பைப் பற்றி எழுதியதில், குறைந்த தீமையைத் தேர்ந்துகொள்கிறவர்கள் தாங்கள் தேர்ந்தது தீமை என்பதைச் சீக்கிரமே மறந்துவிடுகிறார்கள் என்கிறார். நோட்டாக்காரர்களுக்கு உகந்த வாதம். நானே பல தடவை உபயோகித்திருக்கிறேன். ஆனால் அவர் அஞ்சுவது மறதியை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. மறுப்பவனும் மறக்கிறான். தன்னை ஒருவன் ஆண்டுகொண்டுதான் இருக்கிறான், தன் வரிப் பணத்தில் காரியங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன என்பதை. 'நான் போடவில்லை' என்பது அடுத்த ஐந்து வருஷத்துக்கு எனக்குக் கிடைத்த விடுமுறைச் சீட்டு.

மறக்காமல் தீமையைத் தேர முடியுமா? முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகக் கடுமையான உதாரணம் யாழ்ப்பாணம், 2010 ஜனவரி 26. போர் முடிந்து எட்டு மாதம். ஜனாதிபதித் தேர்தலில் ஜெயிக்கக்கூடியவர்களாக இருந்தவர்கள் இருவர். போரை நடத்திய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ. அதைக் களத்தில் முடித்த ராணுவத் தளபதி சரத் பொன்சேகா. இந்த நாடு சிங்களவருக்குரியது என்று 2008இல் ஒரு கனடியப் பத்திரிகைக்குச் சொன்னவர். உத்தரவு போட்டவனா, நிறைவேற்றியவனா என்பதுதான் தமிழனுக்கு வைக்கப்பட்ட வினா. வேலூர்த் தேர்வைப் பற்றிப் புலம்புவதற்கு முன் நான் இதை ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

மறுப்பு என்ன தரும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலை விடுதலைப் புலிகள் தரப்பு புறக்கணிக்கச் செய்தபோது யாழ் மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட ஓட்டுப் போடவில்லை. ராஜபக்ஷ சுமார் 1,80,000 ஓட்டு வித்தியாசத்தில் ரணிலை ஜெயித்தார். பின்னால் நடந்தது எல்லாம் அந்த வித்தியாசத்தில் இருந்து முளைத்தது என்று சொல்ல மாட்டேன். வரலாறு அவ்வளவு லேசான கணக்கு இல்லை. ரணில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் புறக்கணிப்பிலும் சுத்தமான கைகள் யாருக்கும் மிஞ்சவில்லை.

2010இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவை ஆதரித்தது. யாழ் மாவட்டத்தில் ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் அவருக்குப் போட்டார்கள். தன் வீட்டின்மேல் குண்டு விழுந்த பகுதியில் ஒருவன் அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவனின் பெயருக்கு எதிரே புள்ளடி போடுகிறான். இதைச் சாட்சியம் என்று எடுத்துக்கொண்டால் இதற்கு மேல் ஒரு பொய் கிடையாது. ஆனால் அப்படி எடுத்துக்கொள்ள இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களில் யாருக்கு மனசு வரும்? அவன் மன்னித்தான் என்றோ, நம்பினான் என்றோ, மறந்தான் என்றோ ஒருவரும் சொல்லத் துணியமாட்டோம். அந்த ஓட்டின் அர்த்தம் ஓட்டுச்சீட்டில் இல்லை. அது அவனிடம் இருந்தது. அவன் அதைச் சாவடிக்குள் கொண்டுபோகாமல் வெளியே வைத்துவிட்டுப் போய், போட்டுவிட்டு வந்து, திரும்ப எடுத்துக்கொண்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவன் ஓட்டு தோற்றது. தேர்தல் முடிந்த இரண்டே வாரத்துக்குள் பொன்சேகாவையே கைது செய்தார்கள். 2024 செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்குத் தமிழ்ப் பொது வேட்பாளர் என்று அரியநேத்திரன் நிறுத்தப்பட்டார். ஜெயிப்பதற்கு அல்ல, எண்ணிக் காட்டுவதற்கு. ஓட்டைச் சாட்சியமாகவே மாற்றிவிடும் முயற்சி. நோட்டாவுக்கு ஒரு முகமும் சின்னமும் கிடைத்ததைப்போல. சுமார் 2,26,000 பேர் அவருக்குப் போட்டார்கள். மற்ற தமிழர்கள் வேறு வேறு பேருக்குப் போட்டார்கள். சாட்சியம் என்று வந்துவிட்டால் சாட்சிக் கூண்டுக்கு வராதவன் எதிர்த்தரப்பு ஆகிவிடும் அபாயமும் கூடவே வருகிறது என்பதை அந்த எண் எனக்குச் சொல்லுகிறது. இது அவர்கள் தீர்க்க வேண்டிய பிரச்னை, நான் தூரத்தில் இருப்பவன்.

பொன்சேகாவுக்குப் போட்டவனைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். அந்த 2010 தேர்தலில் யாழ் மாவட்டத்தில் ஓட்டுப் போட்டவர்கள் பட்டியலில் இருந்தவர்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் போல. மீதி எழுபத்தைந்தில், இரண்டு பேரும் வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். முகாமில் இருந்து வர முடியாதவர்கள் இருந்தார்கள். எப்போதோ டொரோண்டோவுக்கும் லண்டனுக்கும் சென்னைக்கும் போய்விட்டு, பட்டியலில் மட்டும் குடியிருந்தவர்கள் இருந்தார்கள். செத்துப்போனவர்கள் இருந்தார்கள். வராதவர்கள் என்று அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே எண்தான்.