அடையாளம் நீக்கிய உயிரணு

சீடன்: குருவே, பிறருடைய உயிரணுவை நம் உடல் ஏன் பகையாகக் கருதுகிறது?

குரு: ஏறக்குறைய எல்லா உயிரணுக்களும் எச்.எல்.ஏ. என்னும் மூலக்கூறுகளை மேற்பரப்பில் ஏந்தியுள்ளன. அவை ஆளுக்கு ஆள் வேறுபடும். அயலானதைக் கண்டதும் உடலைக் காக்கும் டி அணுக்கள் பாய்கின்றன. அதை மருந்தால் அடக்கித்தான் மாற்றுறுப்பைக் காக்கிறோம். அப்படி அடக்கிய உடலில் தொற்றும் புற்றும் எளிதில் புகும்.

சீடன்: உடலை அடக்காமல், வரும் அணுவையே மாற்றினால்?

குரு: அதைத்தான் முயல்கிறார்கள். பி2எம், சிஐஐடிஏ என்ற இரு மரபணுக்களை முடக்கினால் எச்.எல்.ஏ. என்ற அந்த அடையாளம் மறையும். ஆனால் அடையாளமே அற்ற அணுவை இயற்கைக் கொல்லி அணுக்கள் விடுவதில்லை. அவற்றைத் தணிக்க சிடி47 என்ற புரதத்தைக் கூட்டுகிறார்கள்.

சீடன்: இது மனிதரில் பலித்ததா?

குரு: 2024 டிசம்பரில் ஸ்வீடனின் உப்சாலாவில், முதல் வகை நீரிழிவு கொண்ட ஒருவரின் முன்கைத் தசையில், இறந்த கொடையாளரின் கணைய அணுக்களைத் திருத்திச் செலுத்தினார்கள். எதிர்ப்படக்கி மருந்து தரவில்லை. முழுதும் திருத்தப்படாத அணுக்கள் அழிந்தன. முழுதும் திருத்தப்பட்டவை 12 வாரம் கடந்தும் இன்சுலின் சுரந்தன. செலுத்திய அளவு சிறிது. அவர் இன்சுலின் ஊசியை நிறுத்திவிடவில்லை. ஆயினும் வழி தெரிந்துவிட்டது. கொடையாளரின் கணையம் அரிது. குருத்தணுவில் இதே திருத்தத்தைச் செய்தால், ஒன்றிலிருந்து வளர்த்துப் பலருக்குத் தரலாம்.

சீடன்: உடலின் கண்ணுக்கு மறைப்பது இயற்கைக்கு மாறல்லவா?

குரு: கருவில் நீ இருந்தபோது உன் மரபணுக்களில் பாதி தந்தையுடையவை; தாயுடலுக்கு அயலானவை. நஞ்சுக்கொடியின் புறவணுக்கள் எச்.எல்.ஏ.-ஏ, எச்.எல்.ஏ.-பி இரண்டையும் காட்டுவதில்லை; எச்.எல்.ஏ.-ஜி-யைக் காட்டிக் கொல்லி அணுக்களைத் தணிக்கின்றன. தாயுடல் உன்னைத் தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சீடன்: அப்படியானால் அஞ்ச வேண்டியதில்லையே?

குரு: அவசரப்படாதே. பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடி வெளியேறிவிடும். இயற்கை அந்த மறைவுக்குக் கெடு வைத்திருக்கிறது. நாம் திருத்திய அணுவோ ஆண்டுக்கணக்கில் தங்க வேண்டியது. வைரஸ் புகுந்தாலோ, புற்றாக மாறினாலோ, அதை டி அணுவுக்குக் காட்டிக்கொடுப்பது எச்.எல்.ஏ.தான். அதை நாமே நீக்கிவிட்டோம்.

சீடன்: எனில், இந்த முயற்சியைக் கைவிடுவதா?

குரு: கூடாது. ஊசியும் மருந்துமாக வாழ்வோரின் துயரைத் தீர்க்கும் வழி இது. ஆனால் உடலின் காவலை விலக்கியவர் அக்காவலைத் தாமே ஏற்க வேண்டும். வேண்டும்போது அந்த அணுவை அழிக்கும் வழியை அதற்குள்ளேயே அமைக்கட்டும். அந்த அணுவைப் பெற்றுக்கொண்டவரை ஆயுள் முழுதும் கண்காணிக்கட்டும். அந்தப் பொறுப்பை ஏற்காதவருக்கு இந்தத் திருத்தத்தைச் செய்ய உரிமை இல்லை.