6174-ஆல் என்ன பயன்?

1949 என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கினால் 9941, ஏறுவரிசையில் 1499. கழித்தால் 8442. விடையையும் அதேபோல் அடுக்கிக் கழித்துக்கொண்டே போங்கள். 5994, 5355, 1998, 8082, 8532 என்று அலைந்து, ஏழாவது கழித்தலில் 6174 வரும். அதற்குமேல் நகராது. 7641-இல் 1467 போனால் மறுபடியும் 6174தான். நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணும் அதிகம் போனால் ஏழு கழித்தலில் இங்கே வந்துவிடும். முன்னால் பூஜ்யம் வந்தால் அதையும் ஓர் இலக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. மூன்றிலக்கத்தில் இந்த வேலையை 495 செய்கிறது. இரண்டிலக்கத்தில் நிற்க இடமே கிடையாது. 9, 81, 63, 27, 45 என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

கண்டுபிடித்தவர் த. ரா. கப்ரேக்கர். நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியர். முதுகலைப் பட்டம் பெறாதவர். 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் இதை முன்வைத்தார். அந்த வருடத்தை நான் எடுத்துக்கொண்டது அதனால்தான். அற்ப விளையாட்டு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 1975-இல் அமெரிக்கக் கணிதப் பத்தி எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது கப்ரேக்கருக்கு எழுபது வயது. ஓய்வூதியம் போதாமல் டியூஷன் எடுத்துப் பிழைத்த காலமும் அவர் வாழ்க்கையில் உண்டு.

ஒதுக்கியவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் கிடைத்த எண் இது. எட்டெட்டாக எண்ணினால் 6174-க்கு இந்தக் குணம் கிடையாது. இதைக் கொண்டு பாலம் கட்ட முடியாது. அப்படியானால் ஒரு மனிதர் தன் ஆயுளை இதில் செலவிட்டது சரியா?

சரி என்றே நான் நினைக்கிறேன். 6174-இன் இலக்கங்களைக் கூட்டினால் 18. அந்த 18-ஆல் 6174 மீதியின்றி வகுபடும். ஈவு 343, அதாவது ஏழின் கனம். அதோடு விடவில்லை: 18, அதன் வர்க்கம் 324, அதன் கனம் 5832, மூன்றையும் கூட்டினால் அச்சாக 6174. யாருக்கும் தேவைப்படாத இந்த ஒழுங்கைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு மகிழ்ச்சி எழுகிறது. தன் இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு மகிழ்ச்சி தருபவை என்ற பொருளில் 'ஹர்ஷத்' என்று பெயர் வைத்தவரும் கப்ரேக்கர்தான். சம்பளமும் புகழும் வராத இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தது இந்த மகிழ்ச்சிக்காக. அதற்குமேல் ஒரு காரணம் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த தலைமுறை நாங்கள். இன்று அதே கேள்வியை இன்னும் சின்ன வயதிலேயே பிள்ளைகளிடம் கேட்கிறோம். எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளையை டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று இழுத்துப் போகிறோம். பயன் என்ன என்ற கேள்வி தவறில்லை. முதல் கேள்வியாக அதைக் கேட்பதுதான் கொடுமை.

இன்று இரவு வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, அது பிறந்த வருடத்தை எழுதச் சொல்லுங்கள். எங்கே போய் நிற்கும் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.