தாய் ஒருத்தி, குழந்தைகள் இரண்டு



சாலமோன் அரசன் முன்பாக இரண்டு ஸ்திரீகள் ஒரு குழந்தைக்காக வழக்காடின வரலாறு உங்களுக்குத் தெரியும். அரசன் வாளைக் கொண்டுவரச் சொன்னான். குழந்தையைக் கூறுபோட வேண்டாமென்று கதறியவளே மெய்யான தாய் எனக் கண்டுகொண்டான். 2000-ம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து நீதிபதிகளிடம் இதற்கு நேர்மாறான வழக்கு ஒன்று வந்தது. தாய் ஒருத்தி, குழந்தைகள் இரண்டு. பொய் சொன்னவர் ஒருவருமில்லை.

மால்டா தேசத்தைச் சேர்ந்த கோசோ என்னும் சிறு தீவின் கத்தோலிக்கத் தம்பதிகள் அவர்கள். கருவிலிருப்பது ஒட்டிய இரட்டை என்று ஸ்கேனில் தெரிந்ததும், மேல்சிகிச்சைக்காக மான்செஸ்டர் நகரின் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கருவைக் கலைக்கும் பேச்சு எழுந்தபோது, எங்கள் வேதத்துக்கு அது ஆகாது என்று மறுத்துவிட்டார்கள். ஆகஸ்டு 8-ந் தேதி இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். அடிவயிறும் இடுப்பும் ஒட்டியிருந்தன. தலை, கை, கால் யாவும் தனித்தனி. (ஒரே கரு இரண்டாகப் பிரியவேண்டிய சமயத்தில் முழுதும் பிரியாமல் நின்றுவிடுவதால் இப்படி நேருகிறது. கிரகணத்தையோ பெற்றோர் பாவத்தையோ காரணமாகச் சொல்லுகிறவர்கள் வாயை மூடிக்கொள்வது நல்லது.)

குடும்பத்தை மறைத்துக் காப்பதற்காக நியாயஸ்தலம் குழந்தைகளை ஜோடி என்றும் மேரி என்றும் அழைத்தது. ஜோடியின் இருதயமும் நுரையீரலும் நல்ல நிலையில் இருந்தன. மேரிக்கோ அவை இரண்டும் உதவவில்லை. மூளையும் சரியாக வளரவில்லை. இருவருக்கும் பொதுவான பெரிய இரத்தக்குழாய் வழியாக ஜோடியின் இருதயமே தங்கைக்கும் உழைத்துக்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் சில மாதங்களில் அந்த இருதயம் ஓய்ந்து இருவரும் மரிப்பார்கள். பிரித்தால் ஜோடி பிழைப்பாள், மேரியோ அந்தக் குழாயைக் கட்டின சில நிமிஷங்களில் மரிப்பாள் என்று வைத்தியர்கள் சொன்னார்கள்.

இரண்டும் எங்கள் பிள்ளைகளே. ஒன்று வாழ மற்றொன்றைக் கொல்ல நாங்கள் எப்படிச் சம்மதிப்போம் என்றார்கள் பெற்றோர். ஆஸ்பத்திரியார் நியாயஸ்தலத்துக்குப் போனார்கள். 2000 செப்டம்பர் 22-ல் அப்பீல் நீதிபதிகள் மூவரும் ஆபரேஷனுக்கு அனுமதி தந்தார்கள்.

அந்த நீதிபதிகளைக் கல்நெஞ்சர் என்று நினைக்க வேண்டாம். மேரியும் முழு மனுஷிதான் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவள் தன்னையறியாமலே சகோதரியின் உயிரை உறிஞ்சுகிறாள். ஆகையால் ஜோடியைக் காக்க வைத்தியர் கை நீட்டலாம் என்று அவர்களில் ஒருவர் வாதித்தார். வலுவான வாதம். அதைப் படித்த இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை.

அப்போது வெஸ்ட்மின்ஸ்டர் அதிமேற்றிராணியாராயிருந்த கொர்மாக் மர்பி ஓ'கானர் ஆண்டகை அந்த நியாயஸ்தலத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் அனுப்பினார். ஒரு ஆளின் சரீரத்தில் கத்தி வைத்தால் அது அந்த ஆளுக்கு நன்மை தரவேண்டும். மேரிக்கு அதனால் யாதொரு நன்மையுமில்லை, மரணந்தான் வரும். ஜோடியைக் காப்பது பெரிய கடமைதான். ஆயினும் அநியாயத்தின் வழியாகத்தான் அதைச் செய்ய முடியும் என்றால் அந்தக் கடமை நம்மைக் கட்டாது. அசாதாரண வழிகளைத் தேட ஒருவருக்கும் கட்டாயமில்லை என்றும் அவர் எடுத்துக்காட்டினார். 12-ம் பத்திநாதர் பாப்பரசர் 1957 நவம்பரில் வைத்தியர்களுக்குப் போதித்ததும் இதுவே.

மேரி இன்னொருத்தியின்மேல் முளைத்த கட்டி அல்ல. பழைய உரோமைச் சடங்குப் புத்தகம் குருக்களுக்கு இதை முன்பே சொல்லியிருக்கிறது: ஒட்டிய சரீரத்தில் இரண்டு தலையும் இரண்டு மார்பும் தெளிவாயிருந்தால் ஆத்துமம் இரண்டு, தனித்தனியே ஞானஸ்நானம் கொடு. எந்த மார்புக்குள் நல்ல இருதயம் இருக்கிறதென்று அந்தப் புத்தகம் கேட்கவில்லை. தன் நாட்கள் எண்ணப்பட்டிருந்தும், யாருக்கும் அவள் தீங்கு நினைக்கவில்லை. அவளைக் கொலையாளியின் ஸ்தானத்தில் நிறுத்த என் மனம் இடங்கொடுக்கவில்லை. ஆயினும் நம் வேதசாஸ்திரிகளிலேயே சிலர் ஆபரேஷன் தகும் என்றார்கள். ஆகையால் வைத்தியர்களைக் கொலைகாரர் என்று யாரும் பேசவேண்டாம்.

ரண சிகிச்சையைத் திருச்சபை வெறுக்கிறதென்றும் எண்ண வேண்டாம். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் 2018-ல் பின்மண்டை ஒட்டிப் பிறந்த இரு பெண் குழந்தைகளை உரோமையிலுள்ள பாப்பரசரின் பம்பினோ ஜேசு ஆஸ்பத்திரி ஏற்றுக்கொண்டது. மூளைக்குரிய இரத்தக்குழாய்கள் பின்னிக்கிடந்தன. மூன்று ஆபரேஷன்; 2020 ஜூன் 5-ல் நடந்த கடைசி ஆபரேஷன் 18 மணி நேரம். இருவரும் பிழைத்தார்கள், பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அங்கே கத்தி இரு குழந்தைகளுக்காகவும் வேலை செய்தது.

கோசோத் தம்பதிகள் அதற்குமேல் வழக்காடவில்லை. 2000 நவம்பரில் சுமார் 20 மணி நேர ஆபரேஷனில் மேரி இறந்தாள். ஜோடி பிழைத்து, 2001-ல் பெற்றோரோடு தீவுக்குத் திரும்பினாள். அவள் உயிரோடிருப்பதைக் கேட்டு மகிழாத கிறீஸ்தவன் உண்டோ? நானும் மகிழ்கிறேன், தீர்ப்பு தவறு என்று எண்ணிக்கொண்டே மகிழ்கிறேன். மேரியின் சிறு சரீரத்தையும் அதே தீவிலே அடக்கம் செய்தார்கள். அந்த வீட்டில் யாராவது அந்தத் தாயை, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், அவள் இரண்டு என்றே சொல்லுவாள் என்று நினைக்கிறேன்.