சாபம் யார்மேல் விழும்?

நகரத்திலிருந்து நாலைந்து இளைஞர்கள் ஜீப்பில் மலையேறுகிறார்கள். அடிவாரத்து டீக்கடைக்காரர் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்கிறார். சிரித்துவிட்டுப் போகிறார்கள். இருட்டியதும் வண்டி நின்றுவிடுகிறது. பாழடைந்த ஒரு கோயிலோ பூட்டிக்கிடந்த பங்களாவோ எதிர்ப்படுகிறது. பொழுது விடிவதற்குள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். காரணம் கேட்டால் 'இந்த இடத்துக்கு ஒரு சாபம்' என்று ஒரு முதியவர் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிறார். தமிழிலும் மலையாளத்திலும் சிறு முதலீட்டில் வரும் பேய்ப்படங்களில் பெரும்பகுதி இந்த அச்சில் வார்த்ததுதான். பார்த்துவிட்டு வருபவர்கள் ஒப்பனையையும் ஒளிப்பதிவையும் குறை சொல்கிறார்கள், பணம் போதவில்லை என்கிறார்கள். குறை அங்கே இல்லை. 1999இல் வந்த 'தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்' சில பத்தாயிரம் டாலரில் படமாகி உலகத்தையே நடுங்க வைத்தது. அதைப் பார்த்துவிட்டு அதில் வரும் ஊரைத் தேடிப்போகும் சுற்றுலாக்காரர்களைப் பற்றி மறுவருடம் எடுத்த இரண்டாம் பாகத்துக்குப் பல மடங்கு செலவழித்தார்கள். அது விமர்சகர்களிடம் நன்றாக அடிவாங்கியது. இந்தப் படங்களில் பற்றாக்குறை பணத்துக்கு அல்ல, சாபம் என்றால் என்ன என்ற யோசனைக்கு. குற்றம் செய்யாதவன் மேல் சாபம் விழலாமா என்ற கேள்வியைக் கேட்காமலே ஒரு சாபக்கதையை எழுதிவிட முடியும் என்று அவை நம்புகின்றன.

இந்தக் கேள்விக்கு நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய சான்று இந்த ஜீப்புகள் ஏறும் மலைகளில்தான் நிற்கிறது. குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், இடுக்கி மாவட்டமும் தேனி மாவட்டமும் முட்டிக்கொள்ளும் இடத்தில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. மேற்கூரை சிதைந்த கருங்கல் கட்டடம். வருடத்தில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் மக்களை உள்ளே விடுகிறார்கள். பேய்ப்பட இயக்குநருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது: காடு, இடிபாடு, ஊரையே எரித்த ஒருத்தியின் சாபம். ஆனால் அந்தச் சாபம் எப்படிப்பட்டது என்று சிலப்பதிகாரத்தைத் திறந்து பார்க்கவேண்டும். கண்ணகி இடமுலையைத் திருகி மதுரைமேல் எறிந்ததும் தீக்கடவுள் அவள் முன்வந்து நிற்கிறான். இந்த ஊரில் யார் யாரை விட்டுவிடவேண்டும் என்று கேட்கிறான். திருட்டுப் பழியில் கணவன் கோவலன் வெட்டுண்டு கிடக்கிறான், அவளோ ஆற்றாத கோபத்தில் நிற்கிறாள். அந்த நிலையிலும் நிதானமாகப் பட்டியல் சொல்கிறாள்: அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியவர், குழந்தை, இவர்களைத் தொடாதே, தீயவர் பக்கம் போ. பட்டியலில் யார் இருக்கவேண்டும், யார் விடுபட்டார்கள் என்று இன்று நாம் சண்டை போடலாம், போடவும் வேண்டும். ஆனாலும் உலகத்தின் மாபெரும் சாபங்களில் ஒன்றை எழுத உட்கார்ந்த கவிஞன் இளங்கோவுக்கு, அது யாரைத் தொடக்கூடாது என்று முதலில் சொல்லிவிடத் தோன்றியிருக்கிறதே, அதுதான் எனக்கு முக்கியம். ஆள் பார்க்காமல் எரிக்கும் நெருப்பு வெறும் தீவிபத்து. அநீதி செய்தவன் வாசலைத் தேடிப்போனால்தான் அதற்குச் சாபம் என்று பெயர்.

இதற்கு எதிராகச் சிலப்பதிகாரத்திலிருந்தே ஒரு வாதம் எடுக்கலாம். அது வலுவான வாதம். ஊர் எரிந்துகொண்டிருக்கும்போது மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்னால் வந்து ஒரு பழங்கதை சொல்கிறது. முற்பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரில் சிங்கபுரத்து அரசனிடம் வேலை பார்த்தான். நகை விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் கதறித் திரிந்து, மலையேறி, எங்களுக்கு இது செய்தவர்களுக்கும் இதுவே நேரட்டும் என்று சபித்துவிட்டுக் குதித்தாள். அந்தச் சாபம்தான் கோவலனைச் சிலம்போடு மதுரைக் கடைவீதியில் பிடித்தது. அப்படியானால் கண்ணகி செய்த பாவம் என்ன? பரதன் செய்ததைக் கோவலன் அறிவானா? ஒன்றும் அறியாதவர்களையும் சாபம் தாக்கும் என்று காப்பியமே ஒத்துக்கொள்ளவில்லையா? பாதி உண்மைதான். நீலியின் சாபம் செய்த குற்றத்தின் அளவுக்கு அளவாகவே திரும்பி வருகிறது: பொய்ப்பழி, நகை, விசாரணையில்லாக் கொலை, தெருவில் நிற்கும் மனைவி. எதுவும் கண்மூடித்தனமாக நடக்கவில்லை. அதைவிட, இந்த வினைக்கணக்கைச் சொல்லிவிட்டு இளங்கோ, கோவலனைக் கொல்ல ஆணையிட்ட பாண்டியனை விடுவிக்கவில்லை. ஊழ் என்று ஒதுங்கிக்கொள்ளாமல், தான் விசாரிக்கத் தவறினேன் என்று உணர்ந்துதான் நெடுஞ்செழியன் அரியணையிலிருந்து விழுந்து சாகிறான். முற்பிறவி கோவலனின் சாவுக்குக் காரணம் சொல்கிறதே தவிர அரசனின் குற்றத்தைக் கழுவவில்லை. கண்ணகியின் துன்பத்துக்கு மட்டும் மதுராபதி சொன்ன கதையில் சமாதானம் கிடையாது. அதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. அந்தச் சமாதானம் கிடைக்காததால்தான் மக்கள் அவளுக்குக் கோயில் எழுப்பியிருக்கவேண்டும் என்றே நினைக்கிறேன்.

குற்றமற்றவர்மேல் சாபம் விழுமா என்பது ஏட்டுச் சண்டை மட்டுமல்ல. 1934 ஜனவரி 15இல் பீகாரில் நிலம் நடுங்கி ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் தெற்கே இருந்த காந்தி, திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்றார். தாகூர் அதிர்ந்துபோய் மறுப்பு எழுதினார். இயற்கைச் சீற்றத்துக்கு இயற்கையில்தான் காரணம் இருக்கிறது என்றார். இப்படிப் பேசத் தொடங்கினால் எதிர்த்தரப்பு, தீண்டாமையை ஒழிக்கக் கிளம்பியதால்தான் பூகம்பம் என்று சொல்ல இதே தர்க்கம் அவர்களுக்கு இன்னும் வசதியாகப் பயன்படும் என்றும் சொன்னார். காந்தி அந்த மறுப்பைத் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் சொன்னார். காந்தியின் நோக்கத்தில் குற்றம் காண மாட்டேன். ஆனால் இந்த விவாதத்தில் நான் தாகூர் பக்கம். காந்தியின் பூகம்பம் குழந்தையை விட்டுவைக்கவில்லை, தீண்டாமைக்கு ஆளானவர்களின் குடிசையையும் விட்டுவைக்கவில்லை. கண்ணகியின் நெருப்புக்கு இருந்த நிதானம்கூட அதற்கு இல்லை. மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்தபோது, தேயிலைத் தோட்ட லய வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் மண்ணோடு போனார்கள். பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அந்த மலைக்குச் சாபம் என்று ஒருவன் சொன்னால், இறந்தவர்கள்மேல் ஒரு குற்றத்தைச் சுமத்துகிறான், இல்லையென்றால் கடவுளைக் கொடுங்கோலனாக்குகிறான். மழையின் அளவு, சரிவின் பிடிமானம், லயம் கட்டிய இடம் என்று கேட்கவேண்டிய கேள்விகளையெல்லாம் அந்த ஒரு சொல் மூடிவிடுகிறது.

பேய்ப்படத்திடம் போய் இத்தனை நீதி கேட்கலாமா, பயம் என்பதே காரணம் தெரியாததில்தானே இருக்கிறது என்பார்கள். பிளேர் விட்சில் செத்தவர்கள் என்ன தப்பு செய்தார்கள்? ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படம் நம்மைப் பயமுறுத்தியது சாபத்தால் அல்ல, காட்டில் வழிதவறியதால். சூனியக்காரி கடைசிவரை திரைக்கு வருவதே இல்லை. ஒற்றப்பாலத்துக்குப் பக்கத்து வரிக்காசேரி மனையில் எடுத்து 2024இல் வந்த 'பிரமயுகம்' படத்திலும், வழிதவறி வந்த பாணன் ஒரு பாவமும் அறியாதவன்தான். அங்கே மனைக்குள் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது, பாணனின் நேரத்தையே பணயமாக வாங்கிக்கொள்கிறது. அநீதிக்கு முகம் இருக்கிறது. நாட்டார் மரபின் இருட்டுகூட விதியில்லாத இருட்டு அல்ல. ராயிரநல்லூர் மலையில் கல் உருட்டிய நாராணத்துப் பிராந்தன் ஒரு கேரளக் கதையில் சுடுகாட்டில் படுத்திருக்கிறான்; பரிவாரத்தோடு வந்த பத்ரகாளி எழுந்து போகச் சொல்கிறாள், மிரட்டுகிறாள், மசியவில்லை. மனிதன் கண்ணில் பட்டுவிட்டால் சாபமோ வரமோ தராமல் அவளும் திரும்ப முடியாது. ஆயுளில் ஒரு நாள் கூட்டு என்கிறான், அவளால் முடியவில்லை. ஒரு நாள் குறை என்கிறான், அதுவும் முடியவில்லை. கடைசியில் ஒரு காலின் யானைக்கால் நோயை மறுகாலுக்கு மாற்றச் சொல்லி அனுப்பிவைக்கிறான். காளியே ஒரு சட்டத்துக்குள்தான் நடமாடுகிறாள். நம் படங்களில் வரும் ஆவிகளுக்கு அந்தச் சட்டமும் இல்லை.

நீதியை எடுத்துவிட்ட சாபத்தை எங்கேயாவது ஒட்டவைத்தாகவேண்டும். அது எப்போதும் எளியவர்கள்மேல்தான் ஒட்டுகிறது. பாலக்காட்டுப் பக்கத்தில் இரவில் உருமாறி ஆளைக் கொல்வதாகச் சொல்லும் ஒடியன் பழி பறையர், பாணர்மேல் விழுந்தது. பகலெல்லாம் வேலை வாங்கியவனுக்கு இரவில் வரும் பயம் அது. இந்த ஜீப் படங்களில் பழி சுமக்கும் அந்த வேலையைப் பழங்குடி முதியவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். பளியர், மன்னான், முதுவர், இருளர் என்று பெயர் சொல்லக்கூட மெனக்கெடாமல், மந்திரக்கோலும் சிவந்த கண்ணுமாக ஒருவரை நிறுத்திச் சாபத்தை அவர் வாயில் திணிக்கிறார்கள். அந்தக் காட்டில் உண்மையிலேயே ஏதாவது அநீதி நடந்திருந்தால், அதைப் பட்டவர்கள் அவர்கள்தான். அதைச் சொன்னால் ஜீப்பில் வந்தவர்கள் வெறும் பலியாடுகளாக இருக்க மாட்டார்கள், தாங்கள் தங்கும் ரிசார்ட் யார் நிலத்தில் நிற்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர்களாவார்கள். அப்படி ஒரு படம் சிறு முதலீட்டிலும் வரலாம்.

ஜீப் படங்கள் முடியத் தெரியாமல் தடுமாறுவதற்கும் நீதியில்லாத சாபமே காரணம். எல்லோரும் செத்தபின்னும் கிணற்றிலிருந்து ஒரு கை எழும். அடுத்த ஜீப் அடிவாரத்துக்கு வந்து நிற்கும். எந்த அநீதிக்குப் பதில் என்று தெரியாத சாபம் எதைப் பெற்றால் அடங்கும் என்று கதாசிரியருக்கே தெரியாது. கண்ணகியின் கோபத்துக்குக் காரணம் இருந்தது, ஆகவே முடிவும் இருந்தது. வஞ்சியில் சேர அரசன் செங்குட்டுவன் அவளுக்குப் படிமம் நிறுத்திய நாளில் அவள் தோன்றிச் சொல்வது, பாண்டியன்மேல் இனிக் குற்றமில்லை, நான் அவன் மகள் என்பது.