கரையில் இரண்டு குறிகள்

பாறசாலையில் ஓர் அன்பர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, அவ்வீட்டுப் பெரியவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். "எங்கும் நிறைந்தவனுக்கு ஐம்பத்தெட்டு அடியில் ஓர் உருவம் எதற்கு, சுவாமி?"

நெய்யாற்றின்கரை வட்டத்தில், விழிஞ்ஞத்தை அடுத்த ஆழிமலையில் கடலோரப் பாறையின்மீது 2020-ஆம் ஆண்டு இறுதியில் திறக்கப்பட்ட கங்காதரேசுவரர் சிலையைத்தான் அவர் குறிப்பிட்டார். அந்த ஐயம் எனக்கும் உண்டு. ஆதலால் மௌனமாக இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை இருவரும் அருவிப்புறம் சென்றோம். ஆலயத்திற்குள் நுழையும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களுக்காக, 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று ஸ்ரீ நாராயண குரு நெய்யாற்றில் மூழ்கி எடுத்த ஒரு கல்லையே சிவமாகப் பிரதிஷ்டை செய்த தலம் அது. சாதி வேற்றுமையோ மதப் பகைமையோ இன்றி யாவரும் உடன்பிறந்தாராக வாழும் இடம் இது என்ற கருத்தையும் அவர் அங்கே எழுதுவித்தார். ஒரு மனிதன் தன் கைகளால் ஏந்திய கல். "இது போதாதா?" என்றார் பெரியவர்.

பிற்பகலில் ஆழிமலையை அடைந்தோம். தேவதத்தன் என்னும் இளஞ்சிற்பி பல ஆண்டுகள் உழைத்து அமைத்த வடிவம். விரிந்த சடையில் கங்கையைத் தாங்கும் திருக்கோலம். கீழே அலைகள் பாறையில் மோதிக்கொண்டிருந்தன. வந்தவர்களில் பலர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று தங்களையே படம் எடுத்துக்கொண்டிருந்தனர். என் மனம் சற்றுச் சலித்தது என்பதை மறைப்பானேன்?

ஜப்பானின் காமகுராவில் திறந்த வெளியில் அமர்ந்திருக்கும் அமிதாப புத்தர் நினைவுக்கு வந்தார். 13-ஆம் நூற்றாண்டில் வார்க்கப்பட்ட வெண்கலத் திருமேனி. உயரம் ஏறத்தாழ 11 மீட்டர். அதைச் சூழ்ந்திருந்த மண்டபத்தை 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடல் கொண்டுபோயிற்று என்பது மரபு. மண்டபம் மீண்டும் எழவில்லை. அதன் உட்புறம் வெற்றிடம். வருவோர் உள்ளே சென்று நிற்கலாம். அத்தனை பேருருவத்தின் அகத்தே வெறுமையே இருக்கிறது என்பது பௌத்தருக்கு வியப்பளிக்காது.

கரையில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் பெரியவர் அதே வினாவைக் கேட்டார். அவர் கிறிஸ்தவர். "கடல்ல நிக்கும்போ எங்களுக்கு இதுவும் ஒரு கணிச்சம், சாமி" என்றார்.

கணிச்சம் என்பது கரைக்குறி. கரையோரத்தில் ஒன்று, அதன் பின்னே தொலைவில் ஒன்று; இரண்டும் நேராகப் பொருந்தினால் ஒரு கோடு கிடைக்கும். இன்னோர் இணைக்குறியின் கோடு அதை வெட்டும் இடமே மீன் கூடும் பாறை. ஒரு குறியை மட்டும் நோக்கினால் திசை தெரியுமே தவிர, தான் நிற்கும் இடம் தெரியாது. 2017-இல் ஓகிப் புயலின்போது எந்தக் குறியும் தெரியவில்லை என்றார். அவருடைய அண்ணன் திரும்பவே இல்லை.

நம் சாஸ்திரங்கள் திருவுருவத்தை ஆலம்பனம், அதாவது பற்றுக்கோடு என்கின்றன. தத்துவ வகுப்பில் அச்சொல்லைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அன்றுவரை அதன் பொருளை நான் கண்டதில்லை.

"இதுக்குப் பின்னால எந்தக் குறியப்பா?" என்று பெரியவர் கேட்டார்.

மீனவர் வலை ஊசியைக் கையில் பிடித்தபடியே வடகிழக்கே மங்கலாகத் தெரிந்த மலைமுகட்டைக் காட்டினார். அகத்தியர்மலை. காலையில் நாங்கள் கால் நனைத்த நெய்யாறு பிறக்கும் இடம்.