பெயரிடும் உரிமை

அபாயத்தை வலிந்து தேடிச் செல்வது வீரமா, வீண்பொழுதா? உயிருக்குச் சேதமில்லை என்று முன்னரே தெரிந்த அபாயத்தை என்னவென்பது? இணையவழி விண்வெளி விளையாட்டுக்களில் இரவைக் கழிக்கும் எம் மாணாக்கரை முன்னிட்டு இக்கேள்வி எழுகிறது. பெற்றோர் பலர் ஒரே சொல்லில் விடை கூறிவிடுகின்றனர். நாம் அத்துணை அவசரப்பட வேண்டியதில்லை.

'எலைட் டேஞ்சரஸ்' என்றொரு விளையாட்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகர நிறுவனமொன்று 2014 டிசெம்பரில் வெளியிட்டது. பால்வீதியை ஏறத்தாழ 40,000 கோடி விண்மீன் மண்டலங்களோடு அது கணினியில் அமைத்துக் காட்டுகிறது. ஆண்டுகள் பல சென்றும், உலகெங்குமுள்ள ஆட்டக்காரர் அவற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தானும் கண்டு முடிக்கவில்லை. எஞ்சியது இருள். அங்கு செல்பவன் வழியிலுள்ள விண்மீன்களிலேயே எரிபொருளை அள்ளிக்கொள்ள வேண்டும். எல்லா விண்மீனும் அதைத் தருவதில்லை. நியூத்திரன் விண்மீனின் தாரையுட் புகுந்தால் கலத்தின் பாய்ச்சல் பன்மடங்காகும். பிசகினால் கலம் நொறுங்கும். ஆள் சாவதில்லை. ஆனால், நிலையமொன்றில் ஒப்படைக்குமுன் கலம் நொறுங்கினால், மாதக்கணக்கிற் சேர்த்த ஆய்வுத் தரவுகள் அத்தனையும் அழியும். ஒரு மனிதனின் உழைப்பு அழிவதை இழப்பன்று என்று சொல்ல, உழைப்பைப் போற்றும் நாம் எங்ஙனம் துணிவோம்?

ஒப்படைத்துவிட்டாலோ, அவ்விண்மீனை முதலிற் கண்டவன் என்று அவன் பெயர் பொறிக்கப்படும். இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். 'யாரும் அறியாத இடம்' என்ற பேச்சு எம் மண்ணில் நல்ல பேச்சாக வந்ததில்லை. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும், அனலைதீவுக்கு ரொட்டர்டாம் என்றும் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். அத்தீவுகளில் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தனர்; அவற்றுக்குப் பெயரும் இருந்தது! ஆங்கிலத்தில் எழுதும் அரச ஏடுகளில் நெடுந்தீவு இன்றும் டெல்ஃப்ட்தான். குடியிருப்பார் எவருமற்ற அந்தக் கணினி இருளில், முதலிற் கண்டவனின் பெருமை எவருடைய வீட்டையும் பறிப்பதில்லை. அந்த அளவில், வரலாற்றின் மாலுமிகள் பலரினும் எம் மாணாக்கன் குற்றமற்றவன்.

எனினும், அங்கும் பொறிக்கப்படுவது தனியொருவன் பெயரே. எரிபொருள் தீர்ந்து தொலைவில் அகப்பட்டவர்களுக்கு, தம்மை 'எரிபொருள் எலிகள்' என்று கேலியாக அழைத்துக்கொள்ளும் ஆட்டக்காரர் கூட்டமொன்று 2015 முதல் உதவி வருகிறது. முன்பின் அறியாதவனுக்காகச் சில வேளை மணிக்கணக்கிற் பறந்து செல்கின்றனர், கூலி வாங்குவதில்லை. மீட்கப்பட்டவன் ஊர் திரும்பித் தரவை ஒப்படைக்கையில் விண்மீனில் அவன் பெயர் ஏறும். எலிகளின் பெயர் ஏறாது.

இதைக் கேட்கையில் எமக்கு 'அன்னபூரணி' நினைவுக்கு வருகிறது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அப்பாய்க்கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் விலைக்கு வாங்கி, தம் துணைவியார் பெயரால் 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' ஆக்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் சுயெஸ் கால்வாய் வழியே செலுத்தி, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, 1938 ஆகஸ்ட் முதலாந் திகதி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தனர். அவர்கள் பெற்றது விளையாட்டு அபாயம் அன்று; கப்பல் கவிழ்ந்தால் மறுபிறப்பு அளிக்கும் நிலையம் அக்கடலில் இல்லை. தண்டையலாக இருந்தவர் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை.

எம் வகுப்பில் எரிபொருள் எலிகளை அறிந்த மாணாக்கர் இருவர் உளர். தம்பிப்பிள்ளையை அறிந்தவர் எவருமில்லை.